கட்டில் நடையின் மாணிக்க விழா

இந்தக் கதை நடந்த மாமங்கல நாட்டுக்கு நம் ஊரிலிருந்து பேருந்து கிடையாது, ரயிலும் கிடையாது. ஆகையால் நான் சொல்வது மெய்யா பொய்யா என்று நேரில் போய்ப் பார்த்துவர உங்களால் முடியாது. என்னை நம்பித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை.

அந்த நாட்டில் மன்னர் உண்டு, அமைச்சர்கள் உண்டு, மைக் செட் உண்டு, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்தலும் உண்டு. தேர்தலில் மன்னர் ஒருவர்தான் நிற்பார். இருந்தாலும் தெருத் தெருவாக வந்து கையெடுத்துக் கும்பிட்டு வாக்குக் கேட்பார். கேட்காமலே ஜெயிக்கக்கூடிய மனுஷன் இப்படி வெயிலில் வந்து கேட்கிறாரே என்று ஜனங்கள் நெகிழ்ந்துபோவார்கள்.

மற்றபடி நம்மைப் போன்றவர்கள்தான். ஒரே ஒரு பழக்கத்தில்தான் வித்தியாசம். எதற்காவது மரியாதை செய்ய வேண்டுமென்றால் அவர்கள் அதைச் சுற்றி இரும்புக் கம்பியில் கூண்டு கட்டிப் பூட்டிவிடுவார்கள். சாவி பெருமைத் துறையிடம் இருக்கும். மன்னரின் பாட்டனார் ஒருமுறை தும்மிய மாமரத்துக்குக் கூண்டு உண்டு. அதன் பழங்கள் வருஷாவருஷம் உள்ளேயே விழுந்து உள்ளேயே அழுகும். ஒரு புலவருக்கு மரியாதை செய்வதென்று முடிவெடுத்து அவர் வீட்டைச் சுற்றிக் கூண்டு கட்டினார்கள். அந்த நேரம் பார்த்து அவர் உள்ளே குளித்துக்கொண்டிருந்தார். பிறகு அவருக்குச் சாப்பாடெல்லாம் கம்பி இடுக்கு வழியாகத்தான் போயிற்று. சப்பாத்தியைச் சுருட்டி நீட்டிவிடலாம், சாம்பாரை என்ன செய்வது? அது ஒன்றுதான் அவருக்குக் குறை. மற்றபடி நன்றி தெரிவித்து ஒரு வெண்பாகூடப் பாடினார்.

நாட்டின் நடுவே நெளியாறு ஓடுகிறது. ஒரு பக்கம் மேட்டுக்கரை. அங்கே அரண்மனை, சந்தை, மருத்துவமனை, நல்ல தண்ணீர்க் குழாய் எல்லாம் இருக்கின்றன. எதிர்ப்பக்கம் தாழங்கரை, அங்கே ஜனங்கள் இருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே அகலமான ஒரு கல்பாலம். அதைக் கட்டியவர்கள் தாழங்கரைக்காரர்கள். ஆனால் கட்டி முடித்த அன்றைக்கே, அவர்கள் பாதம் பட்டால் கல் தேய்ந்துவிடும் என்று பழைய மன்னர் சட்டம் போட்டுவிட்டார். கல்லைச் சுமந்து வந்தபோது தேயாத கல், நடந்தால் மட்டும் எப்படித் தேயும் என்று ஒருவன் கேட்டான். கேட்டவனுக்குப் பிறகு பல் இல்லை. ஆகவே தாழங்கரைக்காரர்கள் பாலத்தின் நிழலிலேயே ஆற்றில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நடந்துதான் சந்தைக்குப் போய்வந்தார்கள்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மழைக்காலத்தில், செல்லி என்ற பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டது. கயிற்றுக் கட்டிலில் கம்பு கட்டி அவளைத் தூக்கிக்கொண்டு பாலத்தடிக்கு வந்தார்கள். காவலர்கள் மறித்தார்கள். கெஞ்சிப் பார்த்துவிட்டு ஆற்றில் இறங்கினார்கள். பாதி ஆற்றில் வெள்ளம் வந்தது. கட்டில் கிடைத்தது, செல்லி கிடைக்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள், செல்லியின் தங்கை காத்தாயி அந்தக் காலிக் கட்டிலின் ஒரு முனையைத் தோளில் வைத்தாள். இன்னும் மூன்று பேர் மற்ற முனைகளைப் பிடித்தார்கள். தாழங்கரை முழுவதும் பின்னால் வந்தது. கோஷம் கிடையாது, கொடி கிடையாது. காலிக் கட்டிலோடு பாலத்தில் ஏறி நடந்தார்கள். அடி என்றால் அப்படி ஓர் அடி. காத்தாயிக்குப் புருவத்துக்கு மேலே பிளந்தது. மறுநாளும் கட்டுப்போட்டுக்கொண்டு அதே கட்டிலோடு வந்தார்கள். காவலர்களுக்கு அடித்துக் கை ஓய்ந்த பிறகு, பழைய மன்னர் பாலத்தைத் திறந்துவிட்டார். இதைத்தான் அந்த நாட்டில் ‘கட்டில் நடை’ என்பார்கள்.

அது நடந்தபோது காத்தாயிக்கு இருபது வயது இருக்கும். பிறகு அவள் தினமும் அவித்த பயறு கூடையோடு பாலத்தின் மேலே நடந்து மேட்டுக்கரைச் சந்தைக்குப் போய் விற்றாள், திரும்பினாள், கல்யாணம் செய்துகொண்டாள், வெகுகாலம் கழித்துப் பவுனு என்று ஒரு பெண்ணைப் பெற்றாள். யாரும் அவளைக் கூப்பிட்டு மரியாதை செய்யவில்லை. அதனால் நிம்மதியாக இருந்தாள்.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் புதிய மன்னர் ஏழாம் மங்கலவர்மருக்குத் தேர்தல் வந்தது. பெருமைத் துறை அமைச்சர் அம்பலக்கூத்தர் அவையில் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். இந்த அம்பலக்கூத்தர் நல்ல மனிதர். யாரைப் பார்த்தாலும் உடனே பொன்னாடை போர்த்திவிடுவார், கையில் எப்போதும் ஒரு மூட்டை பொன்னாடை இருக்கும்.

“மன்னர் பெருமானே! கட்டில் நடைக்கு இது நாற்பதாவது ஆண்டு. தாழங்கரை மக்களின் தியாகத்தை நாம் மறக்கலாமா?”

“கூடாது,” என்றார் மன்னர். “எதை மறக்கக் கூடாது என்று மட்டும் எனக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லும்.”

எடுத்துச் சொன்னார்கள். மன்னருக்கு இளகிய மனம். செல்லி ஆற்றோடு போன கட்டம் வந்ததும் கண்கலங்கிவிட்டார். உடனே முதல் ஆணை பிறந்தது: பாலத்தின் மேட்டுக்கரை முனையில் கட்டிலும் அதைத் தூக்கும் நால்வருமாக வெண்கலச் சிலை.

சிலை வந்தது. நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பீடத்தில் ‘செல்லி’ என்று பெரிதாகப் பொறித்திருந்தார்கள். காத்தாயி அன்று பயறு விற்கப் போகும்போது கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அக்காவின் பெயரை அவள் எழுத்தில் பார்ப்பது அதுதான் முதல்தடவை. உள்ளங்கையால் அதைத் தடவிக்கொடுத்தாள். மறுநாள் அதைச் சுற்றிக் கூண்டு வந்துவிட்டது. அதற்கப்புறம் கம்பி வழியாகக் கையை விட்டுப் பார்த்தாள், ‘செ’ மட்டும்தான் எட்டியது.

அத்தோடு விட்டிருந்தால் கதையே இல்லை. சிலைக்கு மரியாதை செய்தாயிற்று, அந்தப் பாதங்கள் நடந்த பாலத்துக்கு என்ன மரியாதை என்று அம்பலக்கூத்தருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. எண்ணம் தோன்றினால் அவரால் தூங்க முடியாது.

“பெருமானே! அந்தத் தியாகசீலர்களின் இரத்தம் தோய்ந்த கற்கள் அவை. அவற்றின் மேல் மீன் கூடையும் பயற்றுக் கூடையுமாகக் கண்டவரும் நடந்து போகலாமா? அந்தப் பாதம் பட்ட கல்லில் இன்னொரு பாதம் படலாமா?”

“பட்டால்?”

“கல் தேய்ந்துவிடும், பெருமானே.”

இந்த வாக்கியத்தை எங்கேயோ கேட்டமாதிரி இருக்கிறதே என்று மன்னர் யோசித்தார். ஞாபகம் வரவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார். பாலத்தின் இரு முனையிலும் கம்பி வேலியும் கதவும் பூட்டும் வந்தன. தாழங்கரை முனையில் மாசானம் என்ற காவலரைப் போட்டார்கள். மேட்டுக்கரைக்காரர்களுக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லாததால் அவர்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. தாழங்கரைக்காரர்கள் புடவையையும் வேட்டியையும் தூக்கிச் செருகிக்கொண்டு மறுபடியும் ஆற்றில் இறங்கினார்கள்.

படகாவது விடுங்கள் என்று கேட்டார்கள். பெருமைத் துறை ஆராய்ந்து பதில் சொன்னது: கட்டில் நடைக் காலத்தில் ஆற்றில் படகு கிடையாது, இப்போது விட்டால் அது வரலாற்றுப் பிழையாகும். மேலும், ஆற்றில் நடப்பதன் மூலம் முன்னோர் பட்ட பாட்டைத் தாழங்கரை இளைஞர்கள் நேரடியாக உணர்ந்துகொள்ளும் வாய்ப்பை அரசு இலவசமாகவே வழங்குகிறது. இதைப் பார்க்க மேட்டுக்கரையிலிருந்து பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். பிள்ளைகள் கரையில் நின்று கைதட்டின. ஆற்றில் நடந்தவர்களில் ஒன்றிரண்டு பேர், பாவம், பழக்கதோஷத்தில் திரும்பிக் கும்பிட்டார்கள்.

இந்த நேரத்தில் பவுனு நிறைமாதமாக இருந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து உண்டான பிள்ளை. தாழங்கரை மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “பிள்ளை குறுக்கே கெடக்கு காத்தாயி, என் கையில ஆகாது, ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்,” என்று சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரி மேட்டுக்கரையில். மேற்கே மழை பிடித்துக்கொண்டு ஆற்றுத் தண்ணீர் இடுப்பிலிருந்து மார்புக்கு ஏறியிருந்தது. காத்தாயி யாரிடமும் சொல்லாமல் ஆற்றில் இறங்கி, சொட்டச் சொட்ட அம்பலக்கூத்தரின் அலுவலகத்துக்கே போய் நின்றாள்.

அவர் அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். “அடடா! வாழும் வரலாறே! வருக வருக!” என்று பொன்னாடையைப் போர்த்தினார்.

காத்தாயி அதில் தலையைத் துவட்டிக்கொண்டாள். “அய்யா, என் மகளுக்கு இதுதான் மாசம். ஆறு ஏறிக்கிட்டே இருக்கு. பாலத்தைக் கொஞ்சம் தொறந்து விடச் சொல்லுங்கய்யா.”

“பாலத்தையா? தாயே, அது தங்களுடைய பெருமையல்லவா! தங்கள் பெருமையைத் தாங்களே திறந்துவிடச் சொல்லலாமா?”

“பெருமை இருக்கட்டும்ய்யா, நடக்க விடுங்க. அன்னைக்கி நாங்க நடக்கிறதுக்குத்தான நடந்தோம்? கம்பி போடுறதுக்கா அடி வாங்கினோம்?”

அம்பலக்கூத்தர் கண்ணை மூடி அந்த வாக்கியத்தை ரசித்தார். “எவ்வளவு ஆழமான சொற்கள்! விழா மலரில் சேர்த்துவிடுகிறேன். தங்கள் கோரிக்கையை விழா முடிந்ததும் ஒரு கமிட்டி அமைத்து அவசியம் பரிசீலிப்போம்.”

“கமிட்டி கூடுற வரைக்கும் பிள்ளை உள்ளேயே இருக்குமாய்யா?”

“அதை மருத்துவத் துறையிடம்தான் கேட்க வேண்டும்,” என்றார் அமைச்சர், மிகுந்த அக்கறையோடு. “விழாவுக்கு அவசியம் வந்துவிடுங்கள். மேடையில் மன்னரிடமிருந்து மூன்றாவது நாற்காலி தங்களுக்குத்தான். கூண்டு மட்டும் நாற்காலியைச் சுற்றிச் சிறியதாக ஒன்று இருக்கும். தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.”

காத்தாயி பொன்னாடையைப் பிழிந்து மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். வரும்வழியில் கூண்டுக்குள் கையை விட்டு ‘செ’யைத் தொட்டாள். “அக்கா, பிள்ளைய எப்படியாச்சும் கரை சேத்துரு,” என்றாள். பிறகு ஆற்றில் இறங்கினாள்.

விழா நாள் வந்தது. பாலத்தின் மேட்டுக்கரை முனையில் கதவைத் திறந்துவைத்து மாபெரும் மேடை, பந்தல், மன்னர் ஆற்றைப் பார்த்து முறுவலிக்கும் பேனர்கள். நிகழ்ச்சியின் சிகரம், ‘கட்டில் நடை’யை அப்படியே நடித்துக் காட்டும் நாடகம். அரண்மனை நாடகக் குழுவினர் தாழங்கரை முனையிலிருந்து கட்டிலோடு வருவார்கள், காலிக் கட்டில் எடுபடாது என்று அதில் ஒரு நிறைமாதக்காரியும் இருப்பாள், காவலர்கள் மறிப்பார்கள், வந்தவர்கள் கெஞ்சுவார்கள், காவலர்கள் அடிப்பார்கள், மன்னர் கண்கலங்குவார் என்று ஏற்பாடு. நடிப்பவர்கள் எல்லோரும் மேட்டுக்கரைக்காரர்கள். தாழங்கரைக்காரர்களையே நடிக்க விட்டால் இயற்கையாக இருக்காது என்று இயக்குநர் சொல்லிவிட்டார். காவலர்களின் தடிகளை வாங்கி வைத்துக்கொண்டு, அச்சு அசலாக அதே நிறத்தில் ஸ்பாஞ்சுத் தடிகள் கொடுத்திருந்தார்கள். நடிகர்களுக்கு அடி படக் கூடாதல்லவா.

மாசானத்துக்கு ஒரு வசனம் இருந்தது. காலையிலிருந்து அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நடிகர்களோ தாழங்கரைக்காரர்களைப்போலத் தெரிய வேண்டும் என்று உடம்பெல்லாம் கரி பூசிக்கொண்டிருந்தார்கள். காதுக்குப் பின்னால் பூச மறந்துவிட்டது என்று இயக்குநர் எல்லோரையும் திரும்ப உட்காரவைத்தார். அதில் நேரமாகிவிட்டது.

அந்த நேரத்தில்தான் பவுனுக்கு வலி கண்டது.

ஆற்றில் காலை வைக்க முடியாது, அப்படி ஒரு வெள்ளம். காத்தாயி ஒரு நிமிஷம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வீட்டுக்குள் போய் மூலையில் கிடந்த கயிற்றுக் கட்டிலை இழுத்துவந்தாள். அது அதே கட்டில்தான். கட்டில் நடைக் கட்டில் என்று அருங்காட்சியகத்தில் கூண்டுக்குள் வைத்திருப்பது வேறு. கட்டிலைக் கேட்டு அதிகாரிகள் வந்தபோது, ‘அப்போ நான் எதுல படுக்கிறது?’ என்று யோசித்து, எதிர்வீட்டில் கால் உடைந்து கிடந்த ஒன்றைக் காட்டி அனுப்பிவிட்டாள். அதன் முன்னால் நின்று இதுவரை எத்தனையோ அறிஞர்கள் கண்ணீர் விட்டிருக்கிறார்கள்.

“மாப்ள, கம்பைக் கட்டுங்க,” என்றாள் மருமகன் ஒச்சப்பனிடம்.

“ஆத்துலயா அத்தை?” அவன் முகம் வெளிறிப்போயிருந்தது.

“ஆறு எங்கக்காளைத் தின்னது போதும். பாலத்துல போறோம். அடிச்சா அடிக்கட்டும்.”

கட்டில் கிளம்பியது. முன்முனையில் காத்தாயி தோள் கொடுத்தாள். பார்த்தவர்கள் எல்லாம் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே நடந்தார்கள். கோஷம் கிடையாது, கொடி கிடையாது. பவுனுவின் முனகல் மட்டும்தான்.

பாலத்தடியில் கட்டிலைக் கண்டதும் மாசானம் நெஞ்சை நிமிர்த்தினார். எதிர்முனையில் மேடையிலிருந்து அரசவையே பார்க்கிறது. மைக்கை வாய்க்கு அருகில் பிடித்துக்கொண்டு அடித்தொண்டையில் ஆரம்பித்தார்: “நில்லுங்கள்! பாலத்தில் கால் வைக்காதீர்! உங்கள் பாதம் பட்டால் கல் தேய்ந்துவிடும்!”

“மாசானம், வழிய விடுய்யா,” என்றாள் காத்தாயி.

மைக்கைப் பொத்திக்கொண்டு மாசானம் கிசுகிசுத்தார். “அக்கா, நீங்களும் நடிக்கிறீங்களா? எனக்குச் சொல்லவே இல்லையே! சரி சரி, நல்லாச் சத்தமா அழச் சொல்லுங்க, மேடைக்குக் கேக்கல.”

அப்போது பவுனு வலி தாங்காமல் அவர் மணிக்கட்டைப் பற்றினாள். அந்தப் பிடியில் மாசானத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூன்று பிள்ளை பெற்றவளின் புருஷன் அவர். வேர்த்துவிட்டது. திறந்துவிட்டால் வேலை போகும், மறித்தால் பாவம் சேரும். என்ன செய்வதென்று தெரியாமல், மனப்பாடம் செய்திருந்த மிச்ச வசனத்தையே அழுகிற குரலில் மைக்கில் சொல்லி முடித்தார். “மன்னரின் ஆணை! மன்னர் சொன்னாலொழியத் திறவேன்!”

மேடையில் மன்னருக்கு அதற்குள் கண்ணீர் ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. “என்ன நடிப்பு! அந்தப் பெண் முகத்தைப் பாரும்! ஐயோ, எப்படித் துடிக்கிறாள்!”

“முதல்தரமான குழு, பெருமானே,” என்றார் அம்பலக்கூத்தர். “அந்தக் கிழவியைப் பாருங்கள், அசல் தாழங்கரைக்காரி மாதிரியே ஒப்பனை.”

மன்னரால் தாங்க முடியவில்லை. எழுந்தார். மேடை மைக்கைப் பிடுங்கினார். நாடு முழுவதும் ஒலிபெருக்கி வைத்திருந்ததால் நாடு முழுவதும் கேட்டது. “காவலனே, திற! என் தந்தை செய்த பிழையை நான் செய்யமாட்டேன்! எந்தத் தாயும் இனி இந்தப் பாலத்தடியில் அழக் கூடாது! இந்தப் பாலம் யாருக்கும் எப்போதும் அடைபடாது! இது மங்கலவர்மன் வாக்கு!”

பந்தலே எழுந்து நின்று கைதட்டியது. மாசானம் பூட்டைத் திறந்த வேகம் இருக்கிறதே, அதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கட்டில் ஓட்டமும் நடையுமாகப் பாலத்தைக் கடந்தது. பின்னாலேயே, மாசானத்தையும் சேர்த்து, தாழங்கரை முழுவதும் கடந்தது. மேடையைத் தாண்டும்போது மன்னர் பூத்தூவினார். “கூட்டக் காட்சி அபாரம்,” என்றார் அம்பலக்கூத்தர். கட்டில் நிற்கவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டது.

எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகு, பாலத்தின் மறுமுனையில் இன்னொரு கட்டில் வந்தது. அதன் மேல் வயிற்றில் தலையணை கட்டிய ஒரு நடிகை. காதுக்குப் பின்னால்கூடக் கரி பூசிய நால்வர் அதைத் தூக்கிக்கொண்டு, “ஐயகோ! எம்மைப் பாலத்தில் நடக்க விடுங்கள்!” என்று பாட ஆரம்பித்தார்கள். மறிப்பதற்குத்தான் அங்கே ஆள் இல்லை.

மன்னர் மெதுவாகத் திரும்பினார். “அம்பலக்கூத்தரே, அப்படியானால் இப்போது போனது யார்?”

அன்று மாலையே அவை கூடியது. மன்னர் கோபத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். “நாடகம் என்று நினைத்துத்தானே ஐயா நான் இரக்கப்பட்டேன்! நிஜம் என்று தெரிந்திருந்தால்…” என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். மன்னருக்கு நிஜமாகவே கொஞ்சம் வெட்கமாக இருந்தது என்று அருகில் நின்ற விசிறிக்காரர் பிற்பாடு சொன்னார்.

சிக்கல் என்னவென்றால், அந்த நாட்டில் மன்னர் வாயிலிருந்து வந்த வாக்கைத் திரும்ப வாங்க முடியாது. நாடே கேட்டிருக்கிறது. தேர்தல் வேறு. அம்பலக்கூத்தர் வெகுநேரம் விட்டத்தைப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

“பெருமானே! தாங்கள் ஆணையிட்டது எந்தக் காட்சிக்கு? நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய காட்சிக்கு. ஆகவே தங்கள் ஆணை அன்றைய தேதியிலிருந்தே அமலுக்கு வருகிறது.”

“அப்போது எனக்கு நாலு வயசு. நடைவண்டி தள்ளிக்கொண்டிருந்தேன்.”

“கருணைக்கு வயது ஏது, பெருமானே? பாலத்தை அன்றே தாங்கள் திறந்துவிட்டீர்கள். திறந்த பாலத்தில் நடப்பதற்கு எதற்குப் போராட்டம்? ஆகவே கட்டில் நடை என்று ஒன்று நடக்கவே இல்லை. நடந்திருந்தாலும் அநாவசியமாக நடந்திருக்கிறது. அநாவசியத்துக்கு மரியாதை செய்வது நம் மரபல்ல.”

அவை பிரமித்துப்போயிற்று. மறுநாள் காலை மைக் கட்டிய வண்டி தெருத் தெருவாகப் போய் அறிவித்தது. கட்டில் நடைக்கு வழங்கப்பட்ட மரியாதை இன்று முதல் திரும்பப் பெறப்படுகிறது. சிலை அகற்றப்படும். மரியாதை இல்லாதவற்றுக்குக் கூண்டு கூடாது என்பதால் பாலத்தின் வேலியும் அகற்றப்படும்.

பவுனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. தாயும் சேயும் சுகம். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது ஒச்சப்பனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. “நடக்கவே இல்லைன்னு சொல்றானுங்களே அத்தை! அப்போ உங்க நெத்தித் தழும்பு? செல்லிப் பெரியத்தை ஆத்தோட போனது?”

காத்தாயி பாலத்தடியில் சிலை இருந்த இடத்துக்குப் போனாள். வெண்கலத்தைப் பெயர்த்து வண்டியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். பீடத்தில் எழுத்து இருந்த இடத்தை உளியால் கொத்தியிருந்தார்கள். கம்பி இல்லாததால் இப்போது முழுவதும் கைக்கு எட்டியது. தடவிப் பார்த்தாள், சொரசொரவென்று இருந்தது. அப்போதுதான் அழுதாள். அடிபட்ட அன்றைக்குக்கூட அவள் அப்படி அழுததில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்திவிட்டு, குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, பாலத்தின் நட்டநடுவில் நிதானமாக நடந்தாள்.

“இவ பேரு செல்லி,” என்றாள். “கல்லுல இருந்தாத்தான கொத்துவாங்க.”

பிறகு தாழங்கரைக்கு நல்ல காலம்தான். மழை பெய்தால் பெய்யட்டும், பயற்றுக் கூடை நனையாமல் சந்தைக்குப் போயிற்று. மாசானத்துக்கு வேலை போகவில்லை. நாடகத்தில் சிறந்த நடிப்புக்காக அவருக்குப் பொன்னாடை கிடைத்தது. மன்னர் தேர்தலில் நின்றார், வென்றார். பள்ளிப் புத்தகத்தில் பாலத்தைத் திறந்தவர் யார் என்ற கேள்விக்கு மங்கலவர்மர் என்று எழுதினால் மதிப்பெண் உண்டு. அதற்காக அவருக்கு ஒரு சிலை வைக்க வேண்டும் என்று அம்பலக்கூத்தர் சொன்னார். எங்கே வைப்பது? பாலத்தைத் திறந்தவருக்குப் பாலத்தின் மேல்தானே வைக்க வேண்டும். நடுப்பாலத்தில் வைத்தார்கள். நடைவண்டியோடு நிற்கும் நாலு வயது மன்னர், பொன் முலாம் பூசியது.

சிலை வைத்தால் மரியாதை செய்யாமல் இருக்க முடியுமா? சுற்றிலும் கூண்டு வந்தது. கூண்டைச் சுற்றிப் பூச்செடி வைத்தார்கள். செடியை ஆடு கடிக்காமல் இருக்க அதைச் சுற்றி ஒரு வேலி. வேலிக்குக் காவல் வேண்டும் என்று ஒரு கூடாரம். இப்போதைக்கு இரண்டு பக்கமும் ஓர் ஆள் நடக்க இடம் இருக்கிறது. போன வாரம் அளவெடுக்கிறவர்கள் நாடாவோடு வந்து போயிருக்கிறார்கள்.

அன்று காத்தாயி பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, வயிற்றை எக்கிப் பக்கவாட்டில் நகர்ந்துதான் அந்த இடத்தைத் தாண்டினாள். கூண்டு அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தது. நின்று விடுவித்துக்கொண்டு, அடுத்த வேலிக்கு அளவெடுத்த சுண்ணாம்புக் கோட்டைக் குனிந்து பார்த்தாள். அது அவள் காலுக்கு அந்தப் பக்கம், கைப்பிடிச் சுவரோடு ஒட்டிப் போயிருந்தது.

வீட்டுக்கு வந்தாள். குழந்தைக்குப் பெரிய தொட்டிலாகக் கட்ட வேண்டுமென்று ஒச்சப்பன், பிரசவத்தன்று கட்டிலில் கட்டிய கம்பை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

“மாப்ள,” என்றாள் காத்தாயி, கூடையை இறக்கிக்கொண்டே. “தொட்டிலுக்கு வேற கம்பு பாத்துக்கலாம். அதை அவுக்காதீங்க.”